கொச்சிக்கு நேர் தெற்கே இருக்கும் பனி: புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புவி அறிவியல் அமைச்சக அதிகாரிகளுக்கும், கோவாவிலுள்ள தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆய்வு மைய அறிவியலாளர்களுக்கும்,

வணக்கம்.

2024 மே 20 முதல் 30 வரை கொச்சியில், போல்காட்டித் தீவில், அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கலந்தாய்வுக் கூட்டத்தை நடத்தினீர்கள். 2007-இல் டெல்லியில் நடந்ததற்குப் பிறகு இந்தியாவில் அது கூடியது அப்போதுதான். அதே காயலோரம், தோப்பும்படி துறைமுகம்தான் எங்கள் ஊர் ஆழ்கடல் தூண்டில் படகுகளின் தாவளம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்து ஊர்களிலிருந்து போன தமிழர்கள் அங்கே தொழில் செய்கிறார்கள். ஜூன் 1-இல் மேற்குக் கரைத் தடைக்காலம் தொடங்கும் என்பதால், கடைசி ஓட்டம் முடிந்து மீன் இறக்குகிற நாட்கள் அவை. தென்கோடியைப் பற்றி முடிவெடுக்க வந்தவர்களும், தென்கோடியில் எது மாறினாலும் அதன் அடியை வாங்கப்போகிற ஊர்க்காரர்களும் ஒரே காயலின் கரைகளில் இருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பேசியது எதுவும் எங்கள் ஊர்களுக்குத் தமிழில் வந்து சேரவில்லை.

நான் கேரள எல்லையை ஒட்டி, கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் புவியியல் நடத்துகிறேன். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கடலோரத்துப் பிள்ளைகள். உங்களிடம் நான் கேட்பது இதுதான்: துருவத்தில் நீங்கள் அளக்கிறவற்றின் முடிவு எங்கள் கடற்கரைக்கு, எங்கள் மொழியில், எங்கள் ஊருக்கான கணக்காக வந்து சேர வேண்டும். அந்தக் கணக்கு கையில் இல்லாமல் இந்தக் கரையில் இனி ஒரு கல்லும் விழக் கூடாது.

துருவங்கள் எங்களுக்குத் தொலைவு என்று நினைப்பவர்கள் ஒரு உலக உருண்டையை எடுத்துக் கொச்சியில் விரலை வைத்து நேர் தெற்கே இழுத்துப் பார்க்கட்டும். நான் வகுப்பில் பிள்ளைகளைச் செய்யச் சொல்வேன். கொச்சி கிழக்குத் தீர்க்கக்கோடு 76 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கிறது. விரல் நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் மேற்குப் பக்கம் டியாகோ கார்சியா வரும். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைத் தேடிப் போன எங்கள் படகுகளை அந்தத் தீவுக் காவலர்கள் பிடித்து வைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதற்கும் தெற்கே போனால் கிழக்குப் பக்கம் சின்னதாக ஆம்ஸ்டர்டாம் தீவு, மேற்குப் பக்கம் கெர்கெலென் தீவு. நடுவே வெறும் தண்ணீர். விரல் நிற்கிற இடம் அண்டார்க்டிகாவின் லார்சமன் குன்றுகள், 69 டிகிரி தெற்கு. அங்கே 2012 முதல் இயங்குகிற நம் நாட்டின் பாரதி ஆய்வு நிலையமும் அதே 76 டிகிரிக் கோட்டில்தான் இருக்கிறது. நீங்கள் கூட்டம் நடத்திய ஊருக்கும் உங்கள் நிலையத்துக்கும் நடுவே ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் கடல். குறுக்கே ஒரு கண்டம்கூடக் கிடையாது.

காற்றோ மழையோ இல்லாமல் திடீரென்று கரையேறுகிற அலையைக் கள்ளக்கடல் என்போம். அந்தத் திறந்த கடல் வழியாகத்தான் அது வருகிறது. அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலில் மேலைக்காற்றைத் தடுக்க நிலம் இல்லை. உலகத்தைச் சுற்றிச் சுற்றி வீசுகிற அந்தக் காற்றில் ஒரு பெரும் புயல் கிளம்பினால் அது எழுப்புகிற நீள அலைகள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வடக்கே நகர்ந்து, ஒரு வாரத்துக்குள் எங்கள் கரையைத் தொட்டுவிடும். நடுக்கடலில் படகுக்குக் கீழே அது போவதே தெரியாது. கரைக்கு வந்த பிறகுதான் நிமிரும். எங்கள் ஆட்கள் காற்றையும் மேகத்தையும் நீவாடு என்கிற கடல் நீரோட்டத்தையும் பார்த்துக் கடலைக் கணிக்கிறவர்கள். கள்ளக்கடல் இவற்றில் எதையும் காட்டிக்கொடுக்காது. "காத்தும் இல்ல, மழையும் இல்ல டீச்சரே, கடலு மட்டும் எரச்சுக்கிட்டு ஏறி வந்துது" என்று வள்ளவிளையில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். கடலிலேயே தலை நரைத்தவர் அவர். அவருடைய அறிவு பிழைபட்டுப்போகவில்லை. அலையைக் கிளப்பிய புயல் அவர் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் அடித்தது.

2024 மார்ச் 31 அன்று கேரளக் கரையில் பல ஊர்களுக்குள் கடல் புகுந்தது. மே 6 அன்று எங்கள் மாவட்டத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில், மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துப் போனது. ஐவருமே இறந்துபோனார்கள். ஐதராபாத்திலிருந்து கடலலையைக் கணிக்கிற உங்கள் இன்காய்ஸ் மையம் அந்த நாட்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்திருந்தது. எச்சரிக்கையும் இருந்தது, சாவும் நடந்தது. அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்துக் கொச்சியில் உங்கள் கூட்டம் தொடங்கியது. தென்பெருங்கடலைப் பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான வேளை கிடைக்காது. அந்த ஐந்து உயிர்களுக்கும் அந்தக் கூட்டத்துக்கும் இருந்த தொடர்பை எங்கள் மக்களுக்கு எடுத்துச் சொல்ல யாரும் வரவில்லை என்பது இன்றும் என் மனதை அறுக்கிறது.

இனி பனிக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் துருவம் என்றால் பென்குயினும் பனிக்கரடியும்தான். வடக்கே நிலம் சூழ்ந்த கடல், தெற்கே கடல் சூழ்ந்த நிலம் என்கிற அடிப்படையைச் சொன்னதும் பிள்ளைகள் அடுத்த கேள்விக்குத் தாமாகவே போய்விடுவார்கள். பனி உருகினால் கடல் ஏறுமா? போன வருடம் இதற்குப் பதில் சொன்னது பூத்துறைப் பையன் ஒருவன். அவன் அப்பா படகில் ஐஸ் ஏற்றுகிற வேலை செய்கிறார். "நீல டிரம்முல தண்ணி நெறஞ்சு, ஐஸ் மெதந்துட்டு கெடந்தா, அது கரைஞ்சாலும் தண்ணி வழியாது டீச்சர். கரையில கெடக்குற பாளத்தத் தூக்கி உள்ள போட்டாத்தான் வழியும்." இதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. வடதுருவத்தில் மிதக்கிற கடற்பனி உருகுவதால் கடல் மட்டம் ஏறாது. கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கிற பனி இறங்கி வந்தால் ஏறும். 1992 முதல் 2020 வரை அந்த இரண்டு பனிப்போர்வைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஏழரை லட்சம் கோடி டன் பனியை இழந்திருக்கின்றன. உலகக் கடலுக்கு அது கொடுத்தது 21 மில்லிமீட்டர்.

21 மில்லிமீட்டர்தானே என்று கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிப்பதில்லை.

முதலாவது, அந்த ஏற்றம் எல்லாக் கரைக்கும் ஒரே அளவில் பங்குபோடப்படுவதில்லை. இதை எங்கள் மீனவர்களில் பலரும், ஏன், படித்தவர்களில் பலருமே கேள்விப்பட்டதில்லை. அண்டார்க்டிகாவின் பனிப்போர்வை இந்தியாவைப் போல நான்கு மடங்கு பரப்பு, சராசரியாக இரண்டு கிலோமீட்டரை ஒட்டிய தடிமன். அவ்வளவு எடை ஒரே இடத்தில் குவிந்து கிடப்பதால் அதன் ஈர்ப்பு தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையக் குறைய அந்த இழுப்பு தளர்கிறது. பிடியில் இருந்த நீர் தொலைவுக்கு ஓடுகிறது. அதனால் பனி உருகுகிற இடத்திலிருந்து ஏறத்தாழ 2,000 கிலோமீட்டருக்குள் கடல் மட்டம் இறங்கக்கூட இறங்கும். வெகு தொலைவில் உள்ள கரைகளிலோ சராசரியைவிட அதிகமாக ஏறும். கிரீன்லாந்தும் எங்களுக்குத் தொலைவு, மேற்கு அண்டார்க்டிகாவும் தொலைவு. இரண்டு பக்கத்திலிருந்தும் கூடுதல் பங்கை வாங்குகிற இடத்தில் இருக்கிறோம். துருவத்தை விட்டு இத்தனை தள்ளி வாழ்வதே எங்களுக்குக் கேடாக முடிகிறது. இந்த ஒரு செய்தியைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி ஒவ்வொரு கடலோரப் பள்ளியின் சுவரிலும் ஒட்டினால்கூட எங்கள் பிள்ளைகள் உலக வரைபடத்தைப் பார்க்கிற பார்வை மாறிவிடும்.

இரண்டாவது, பனி உருகுவது எப்போதும் ஒரே சீராக நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மேற்கு அண்டார்க்டிகாவில் த்வைட்ஸ் பனியாறு இருக்கிறது. அகலம் சுமார் 120 கிலோமீட்டர். அது உட்கார்ந்திருக்கிற தரை கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. கீழிருந்து வெதுவெதுப்பான ஆழ்கடல் நீர் புகுந்து அதன் அடியை அரித்துக்கொண்டிருக்கிறது. பின்வாங்கப் பின்வாங்க அதன் முகம் இன்னும் ஆழத்தில், இன்னும் உயரமாகக் கடலுக்குத் திறந்துகொடுக்கும். அந்த ஒரு பனியாறு முழுதும் போனால் உலகக் கடல் 65 சென்டிமீட்டர் ஏறும். அது ஒரு தலைமுறையில் நடக்கப்போவதாக நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தவும் மாட்டேன். ஆனால் பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கை, வாயு வெளியீடு மிக அதிகமாகத் தொடர்ந்தால் 2100-க்குள் கடல் 63 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை ஏறலாம் என்கிறது. பனிப்போர்வைகள் நிலைகுலைந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் தள்ளிவிட முடியாது என்று சேர்த்தே சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருக்கிற இடைவெளிதான் எங்கள் ஊர்களின் தலைவிதி. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் நீங்கள் தெற்கே போகிறீர்கள். ஆகவே உங்கள் வேலையை நான் மதிக்கிறேன், அதற்குச் செலவாகிற பணத்தை ஒருபோதும் வீண் என்று சொல்ல மாட்டேன். 1981-இல் கடலியலாளர் காசிம் தலைமையில் அண்டார்க்டிகாவுக்கு இந்தியாவின் முதல் பயணம் கிளம்பியதைப் பெருமையோடுதான் இன்றும் பாடம் நடத்துகிறேன்.

எங்கள் ஊரின் அமைப்பையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நீரோடியிலிருந்து தூத்தூர் வரை ஒரு பக்கம் அரபிக்கடல், மறு பக்கம் ஏவிஎம் கால்வாய். நடுவே ஒரு மணல் பட்டை. அதில்தான் கோயில், பள்ளி, கல்லறை, வீடு எல்லாம். பல இடங்களில் ஒரு வாசலில் நின்றால் கடல் தெரியும், பின்வாசலில் இறங்கினால் கால்வாய் வந்துவிடும். நான் போய்ப் பார்த்த ஒரு வீட்டில் அலைத்தடுப்புப் பாறாங்கல்லுக்கும் திண்ணைக்கும் நடுவே மீன்பெட்டி ஒன்று வைக்கத்தான் இடம் இருந்தது. ஆனி ஆடியில் கல்லிடுக்கு வழியாக நுரை பீறிட்டுத் திண்ணையில் விழும். அந்த வீட்டு அம்மா சிமென்ட் சாக்கில் மணல் நிரப்பி வாசலில் மூன்று வரிசை அடுக்கியிருந்தார். சுவரில் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்ந்திருந்தது. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை, குடம் பத்து ரூபாய் என்று வண்டியில் வாங்குகிறார். "முன்னாடி ரெண்டு வரிச தென்ன நின்னுது மோளே, அதுக்கும் அங்கிட்டுதான் வல காயப்போடுவோம்" என்று கையை நீட்டிக் கடலுக்குள் ஓரிடத்தைக் காட்டினார். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பொழியூரில், தெற்குக் கொல்லங்கோட்டில் இதே கதைதான் மலையாளத்தில்.

இன்று அந்தத் தென்னைகளை விழுங்கியது துருவப் பனிதான் என்று சொன்னால் அது உண்மையாகாது. ஆறு கொண்டுவரும் மணல் குறைந்துவிட்டது. துறைமுகத் தடுப்புகளும், கடலுக்குள் கல்லடுக்கி நீட்டுகிற தூண்டில் வளைவுகளும் கரையோரம் நகர்கிற மணலை மறிக்கின்றன. ஓர் ஊரைக் காக்கப் போடுகிற வளைவு பக்கத்து ஊரின் மணலைத் தின்றுவிடுகிறது. ஒவ்வொரு ஊரும் தனக்கு ஒரு வளைவு கேட்டுச் சாலை மறியல் செய்கிறது, அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வராது, வீடு போகிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? என் கவலை அடுத்த ஐம்பது ஆண்டைப் பற்றியது. ஏற்கெனவே மெலிந்துபோன கரையின்மேல்தான் துருவம் அனுப்புகிற கூடுதல் தண்ணீர் வந்து ஏறப்போகிறது. அடிமட்டம் ஒரு சாண் உயர்ந்தால் அதே கள்ளக்கடல், அதே ஆனிக்கடல், கால்வாய்வரை போய்விடும். இன்று போடுகிற சுவரின் உயரத்தை எந்தக் கடல் மட்டத்துக்குக் கணக்குப் பண்ணினார்கள் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. கொச்சி வில்லிங்டன் தீவில் 1939 முதல் கடல் மட்டம் பதிவாகிறது. தென்துருவத்தில் நமக்கு இரண்டு நிலையங்கள் இயங்குகின்றன. இரண்டையும் இணைத்து, நீரோடிக்கு 2050-இல் என்ன, 2100-இல் என்ன என்று நல்ல நிலைக்கும் மோசமான நிலைக்கும் சேர்த்து எழுதித் தர உங்களால் முடியும். அதைத் தமிழக மீன்வளத் துறையின் மேசையிலும் கேரளத்தின் மேசையிலும் ஒரே நாளில் வையுங்கள். மணலும் அலையும் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் நின்று அனுமதி கேட்பதில்லை. இரண்டு மாநிலங்களும் தனித்தனியே கல் கொட்டுவதை நிறுத்த, தில்லியில் இருக்கிற உங்களுக்குத்தான் சொல்கிற உரிமை உண்டு.

கள்ளக்கடல் எச்சரிக்கையும் அப்படித்தான். "1.2 மீட்டர் உயர அலைகள் எழக்கூடும்" என்று தொலைக்காட்சியின் அடியில் ஓடுகிற வரி ஒருவரையும் கரையிலிருந்து நகர்த்தாது. எங்கள் ஊர்களில் செய்தி போகிற வழி கோயில் ஒலிபெருக்கி. பங்குத்தந்தை மைக்கில் சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் போய்விடும். காற்று இல்லாமல் கடல் ஏறும், வானம் தெளிவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், வள்ளத்தை மேலே ஏற்றுங்கள் என்று நாலு வரி, எங்கள் பேச்சில். சுற்றுலாக் கடற்கரைகளுக்கு வேறு நாலு வரி, வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி போய்ச் சேராததன் விலையை எங்கள் ஊர்கள் போல வேறெந்த ஊரும் கொடுத்ததில்லை. அந்த வருடம் என் வகுப்பில் அப்பாவை இழந்த பிள்ளைகளைக் கையில் வைத்துக்கொண்டு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் பாடத்தை நடத்தினேன்.

உடன்படிக்கை மேசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்த உடன்படிக்கையில் இந்தியா 1983-இல் சேர்ந்தது, அதே ஆண்டு முடிவெடுக்கிற உரிமையும் பெற்றது. பனிக்கண்டத்தைப் படையும் சுரங்கமும் இல்லாமல் இன்றுவரை காப்பாற்றியது அந்த உடன்படிக்கையும் 1991-ஆம் ஆண்டு மாட்ரிட் நெறிமுறையும்தான். வல்லரசுகள் பனிப்போரில் இருந்த காலத்திலேயே அந்த உடன்படிக்கை சாத்தியமானது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் நம்பிக்கை வருகிறது. கொச்சியில் சுற்றுலாவை நெறிப்படுத்தத் தனிக் குழு பேசியது நல்ல தொடக்கம். ஒரு பருவத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அங்கே போய்வருகிறார்கள். ஒரு கண்டத்துக்கு அது பெரிய எண் இல்லை என்று தோன்றும். ஆனால் கரையில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் இறங்குவது அண்டார்க்டிகத் தீபகற்பத்தின் அதே சில கரைகளில், அதே பென்குயின் கூட்டங்களுக்கு நடுவில்.

கிரில் மீன்பிடி இன்னும் எங்களுக்கு நெருக்கமான விஷயம். விரல் நீளம்கூட இல்லாத, இறாலைப் போன்ற அந்தச் சிற்றுயிர்தான் திமிங்கிலம் முதல் பென்குயின் வரை எல்லாவற்றுக்கும் சோறு. அதைப் பெருங்கப்பல்கள் அள்ளுகின்றன. கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெடல் கடலிலும் காப்புப் பகுதிகள் அமைக்க 2021-இல் இந்தியா ஆதரவு தெரிவித்தது. எல்லா நாடுகளும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நிறைவேறும் என்பதால் அது இன்னும் நடக்கவில்லை. அந்த மேசையில் பேசும்போது எங்களைச் சாட்சிக்கு அழையுங்கள். மீன் பெருகட்டும் என்று வருடத்தில் 61 நாள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, வட்டிக்கு வாங்கிச் சாப்பிடுகிற மக்கள் நாங்கள். கடலுக்கு ஓய்வு கொடுப்பது சாத்தியமா என்று எந்த நாடாவது கேட்டால் இந்தியா எங்களைக் காட்டலாம்.

வடதுருவத்திலும் 2008 முதல் ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி நிலையம் வைத்திருக்கிறீர்கள். உலகச் சராசரியைப் போல நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகிற இடம் அது. பனி விலகிய கடலில் புதிய கப்பல் வழியும் எண்ணெயும் கனிமமும் தேடி நாடுகள் முண்டியடிக்கின்றன. 2022-இல் வெளியான இந்தியாவின் ஆர்க்டிக் கொள்கையிலும் அறிவியலோடு பொருளாதார வாய்ப்பும் பேசப்படுகிறது. வாய்ப்பு என்று எழுதுகிற அந்தப் பனி விலகலைக் கொண்டுவருகிற அதே வெப்பத்துக்கு எங்கள் கரையில் வேறு பெயர். கொள்கை வகுக்கிறவர்கள் இதை மறக்காதிருக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நேரில் வாருங்கள் என்பதுதான் என் கடைசி வேண்டுகோள். பாரதியில் குளிர்காலம் கழித்த ஒருவர், அலை கணிக்கிற ஒருவர், கடல் மட்டம் கணக்குப் பண்ணுகிற ஒருவர், தமிழ் பேசுகிறவராக ஒருவராவது. ஜூன், ஜூலையில் வந்தால் நல்லது. தடைக்காலம் என்பதால் கொச்சிக்குப் போன ஆண்களில் பெரும்பாலோர் ஊரில் இருப்பார்கள், கடலும் தன் முழு முகத்தைக் காட்டுகிற மாதங்கள் அவை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் கூட்டம் வைக்கலாம். பொழியூர்க்காரர்களையும் அழைக்கலாம், நடந்து வருகிற தூரம்தான். உலக உருண்டையும் வரைபடமும் பள்ளியிலிருந்து நான் கொண்டுவருகிறேன். நீரோடிக்கான எண்ணை நீங்கள் கொண்டுவாருங்கள்.

மரியாதையுடன்,
ஒரு புவியியல் ஆசிரியை,
கொல்லங்கோடு, கன்னியாகுமரி மாவட்டம்